பிட்ஸ்பர்க் கிராண்ட் தெரு நீதிமன்றம்: எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவு?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரம் அமைந்துள்ள அலெகேனி கவுன்டியின் (மாவட்டம் போன்றது) நீதிமன்றம், இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட கருங்கல்லால் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து, அவர் மறைந்தபின் 1888-இல் முடிக்கப்பட்ட கட்டடம். பின்னாளில் கிராண்ட் தெருவை வெட்டித் தாழ்த்தியதால், அன்று அடித்தளமாக இருந்த பகுதி வழியாகவே இன்று உள்ளே நுழைகிறோம். பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, கல் வளைவுகளுக்கிடையே ஏறும் பெரிய படிக்கட்டை ஒருமுறை நின்று பாருங்கள். லிஃப்டில் ஏறிப் போய்விட்டால் இக்கட்டடத்தின் அழகில் பாதியை இழந்துவிடுவீர்கள்.

மேல்தளங்களில் நடப்பவை பெரும்பாலும் குற்றவியல் வழக்குகள். வேக அபராதச் சீட்டுக்கு இங்கே வரவேண்டியதில்லை. அதில் குறிப்பிட்டிருக்கும் உள்ளூர் நீதிமன்றமே அதை விசாரிக்கும். திருமண உரிமம் பக்கத்துக் கட்டடமான சிட்டி-கவுன்டி பில்டிங்கில் கிடைக்கும். விண்ணப்பித்த பிறகு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் போய் நிற்காதீர்கள்.

ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால், குடியுரிமை இல்லாதவர்களுக்கும் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) அழைப்பு வருவதுண்டு. அதைக் கிழித்துப் போடாமல், குடிமகன் அல்ல என்று உண்மையைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தவறுதலாகக்கூடக் குடிமகன் என்று குறித்துவிடாதீர்கள், பிற்பாடு குடியேற்ற விண்ணப்பத்தில் அது பெரிய சிக்கலாக முடியும்.

நீதிமன்றத்தின் பின்புறமுள்ள ராஸ் தெருவுக்கு மேலே ஒரு மூடிய கற்பாலம் தெரியும். கைதிகளைச் சிறையிலிருந்து விசாரணைக்கு அழைத்துவந்த வழி அது. அந்தச் சிறை 1995-இல் மூடப்பட்டு, சீரமைக்கப்பட்டு, 2000 முதல் குடும்ப நீதிமன்றமாக இயங்குகிறது. விவாகரத்து, பிள்ளைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம் ஆகியவை அங்கேதான் தீர்க்கப்படுகின்றன. இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கணவரின் விசாவைச் சார்ந்து வந்த பெண்ணொருவர் வீட்டில் அடி உதைக்கு ஆளானால், அவர் அங்கே சென்று பாதுகாப்பு ஆணை கோரலாம். அதற்குக் குடியுரிமை தேவையில்லை, மனுச் செய்பவர் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. சொந்த ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தில் நாள் கடத்துவது ஆபத்தானது.

ஆங்கிலம் தடையாக இருந்தால், விசாரணைத் தேதி கிடைத்தவுடனேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். உடன் வரும் உறவினரை நம்பி இருந்துவிட வேண்டாம்.