கனெக்‌ஷனோடு வந்த டப்பா: கூடத்துக்கு வராத வைஃபையும் நாம் செய்கிற தவறுகளும்

கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய மாதிரி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நீளமாகத் தெரியும். புது ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பி, தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, ரேழி ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, கையெட்டும் முதல் ஆணியில் ரவுட்டரை மாட்டினார். அங்கேயே நின்று தன் போனில் ஸ்பீடு காட்டினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். ரேழியில் நெட் பறந்தது. கூடத்தில் நொண்டியது. அடுக்களையில் வட்டம் சுற்றியதோடு சரி. அப்பா ஒரு வாரம் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்.

அந்த ஆணிதான் முதல் தவறு. டப்பா எங்கே உட்கார வேண்டும் என்பதை வருகிறவர் முடிவு செய்ய விடாதீர்கள். அவருக்கு ஒயர் மிச்சமாக வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளின் செங்கல் சுண்ணாம்புச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை, ஒன்றரை அடிக் கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் இப்படி இரண்டு சுவர் தாண்டினால் துவண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தூரம் போகும், வேகம் கம்மி. பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதிலேயே கத்திக்கொண்டிருக்கும். இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைத்தால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் கடைசியில் கூடத்துத் தூணில், முற்றத்தைப் பார்த்தபடி, ஆள் உயரத்தில் மாட்டினோம். முற்றம் திறந்த வெளி என்பதால் அலை அது வழியாக ரேழிக்கும் போகிறது, அடுக்களைக்கும் போகிறது. கட்டியவர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட இடம் இதற்கும் உதவுகிறது.

வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள்: "தம்பி, ஒயரைக் கூடம் வரைக்கும் கொண்டு போயிடுங்க." கூடுதல் ஒயருக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். பிறகு வாங்கப்போகும், அலையை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டரை விட மலிவு. ஃபைபர் ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை, நெட் அதில் வெளிச்சமாகத்தான் வருகிறது. நிலைப்படியில் மடக்கி ஆணி அடித்தால் வெளிச்சம் அந்த மடிப்பிலேயே கசிந்துவிடும். வளைவு அகலமாக இருக்கட்டும்.

இனி எல்லோரும் செய்வது: ரவுட்டரின் பின்பக்க ஊசி ஓட்டை. நெட் நின்றால் சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, அந்த ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்துவது வேறு. இரண்டாவதைச் செய்தால் ரவுட்டர் பிறந்த குழந்தையாகிவிடும். பிபிபிஓஇ முறையில், அதாவது யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நுழையும் முறையில், இணைப்பு கொடுத்திருந்தால் அவை இரண்டும் அழிந்துபோகும். எங்கள் பெரியப்பா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இதைச் செய்துவிட்டு, திங்கட்கிழமை ஆள் வரும்வரை போன் டேட்டாவில் காலம் தள்ளினார். இணைப்பு கொடுத்த அன்றே அந்த இரண்டையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் வெளிச்சமே வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்னை மட்டை விழுந்து ஒயர் அறுவது இங்கே சகஜம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கம்பமே சாய்ந்தது. "நெட் ஸ்லோ" என்று புகார் சொல்லாதீர்கள். "ரெட் லைட் எரியுது" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அது வேறு வேலை. புகார் எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

வேகம் குறைவு என்று சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் ரவுட்டரிலிருந்து நேராக வரும் லேன் ஒயரில் கணினியைச் செருகிப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்பது நொடிக்கு 12.5 மெகாபைட், டவுன்லோடில் 12 காட்டினால் ஏமாற்றவில்லை. ஆனால் 200 திட்டம் வாங்கியும் 95-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சந்தேகப்படலாம். இலவசமாகக் கொடுக்கும் டப்பாக்கள் சிலவற்றில் லேன் துளை 100-க்கு மேல் தாங்காது. இது உண்மையிலேயே கம்பெனியின் கஞ்சத்தனம், கேட்டு மாற்றுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. லேன் ஒயரில் நூறுக்கு அடுத்த படி ஆயிரம் எம்பிபிஎஸ். அதற்கு ஒயரின் எட்டுக் கம்பிகளும் வேண்டும், நூறுக்கு நாலு போதும். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்து வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும்போது, ஒரு ஜோடிக் கம்பியைக் கடித்திருந்தாலும் வேகம் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடலாம்.

கோபத்தில் கடைக்குப் போய்ப் புது ரவுட்டர் வாங்குவது அடுத்தது. போன் ஒயர் செருகுகிற பழைய மாடலை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ரவுட்டரில் ஃபைபர் நேராகச் செருகாது; கம்பெனி டப்பா இருந்தே ஆக வேண்டும். அதைப் பிரிட்ஜ் மோடில், அதாவது நெட்டை அப்படியே கடத்திவிடும் வேலை மட்டும் செய்யும்படி, போடச் சொல்லி, நம்முடையதைப் பின்னால் வையுங்கள். இல்லையென்றால் நம்முடையதை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றுங்கள். இரண்டும் தனித்தனியாக ஐபி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் நெட்டில் ஒரு முகவரி, பங்கிட்டால் பிரிண்டர் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக: 12 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ்தான். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், யூபிஎஸ் இருந்தாலும்.

சிங்கப்பூரிலிருந்து அக்கா வாசல் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறந்துவிடும் அமைப்பு) மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது கம்பெனி அதற்குக் கொடுத்த முகவரியை, பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரையில் தொடங்கினால் வெளியே தெரியும் ஒரே முகவரியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன, வெளியிலிருந்து நேராக வர முடியாது. நமக்கென்றே இருக்கும், மாறாத ஸ்டாட்டிக் ஐபி காசு கொடுத்து வாங்கலாம், அல்லது கேமரா கம்பெனியின் ஆப் போதும். ஆனால் கேமராவின் பாஸ்வேர்டும் ரவுட்டரின் பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே இருந்தால், அக்காவோடு கண்டவர்களும் பார்ப்பார்கள்.

இணைப்பை விடும்போது டப்பாவை அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். எங்கள் பழைய கம்பெனி அடாப்டர் வரவில்லை என்று டெபாசிட்டில் கழித்தது. அது அப்பாவின் ரேடியோவுக்குப் பின்னால் மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது.