'இன்டர்வியூ' என்ற சொல்லை நம்பிக் கட்டுரை சேர்க்காதீர்கள்

போன வாரம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஆய்வேட்டுக்குக் கட்டுரை தேடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், நான் செய்த அதே தவறு. சின்னச் சின்னப் பிழைகளை விடுங்கள், அவை தானாகச் சரியாகிவிடும். கட்டுரை தேடும்போது தவிர்க்க வேண்டிய பெரிய தவறுகள் இவை.

'இன்டர்வியூ' இருந்தால் குவாலிட்டேட்டிவ் என்று முடிவுகட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. 2004 சுனாமியில் பிழைத்த தேவனாம்பட்டினம் பெண்களின் மனநிலைதான் என் தலைப்பு. கூகுள் ஸ்காலரில் சுனாமி, இன்டர்வியூ என்று தட்டி, அப்ஸ்ட்ராக்டை மட்டும் படித்து, 14 கட்டுரைகளைப் பண்புசார் ஆய்வுகள் (குவாலிட்டேட்டிவ், அதாவது மக்கள் பேசியதை அலசுபவை) என்று வகைப்படுத்தி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது கைடு மேடம் ஒவ்வொன்றிலும் மெத்தட் பகுதியைத் திறக்கச் சொன்னார். ஒன்பதில், இன்டர்வியூ என்பது வீடு வீடாகப் போய்க் கேள்விப்பட்டியலை வாசித்து, ஆமாம், இல்லை என்று குறித்து, மதிப்பெண் கூட்டி, எத்தனை சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்று கணக்கிட்டது. முழுக்க அளவுசார் ஆய்வுகள். அந்தப் பெண்கள் சொன்ன ஒரு வாக்கியம்கூட உள்ளே இல்லை. அத்தியாயம் போனது, அந்த செமஸ்டரும் போனது, மறுபடி பீஸ் கட்டினேன்.

அதனால் நேராக மெத்தட் பகுதிக்குப் போய், கையில் கிடைத்த தரவு பேச்சா, எண்ணா, அதை எப்படி அலசினார்கள் என்று பாருங்கள். தீமேட்டிக் அனாலிசிஸ், கிரவுண்டட் தியரி, ஐ.பி.ஏ. என்று பேச்சை அலசும் முறைகள் இருந்தால் குவாலிட்டேட்டிவ். டி-டெஸ்ட், ரிக்ரெஷன் என்று புள்ளியியல் கணக்குகள் என்றால் குவான்டிட்டேட்டிவ், அதாவது அளவுசார். இரண்டும் இருந்தால் மிக்ஸ்டு மெத்தட்ஸ், அதைத் தனியாக வையுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் சுனாமிக்குப் பிறகு மக்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசி, 2008-இல் வெளிவந்த ஓர் அருமையான ஆய்வின் தலைப்பில் குவாலிட்டேட்டிவ் என்ற சொல்லும் இல்லை, பி.டி.எஸ்.டி.யும் இல்லை; மீண்டெழுவது, சமாளிப்பது என்றுதான் இருக்கும். நோயின் பெயரை மட்டும் தட்டினால் இப்படிப்பட்டவை தப்பிவிடும்.

கூகுள் ஸ்காலரோடு நின்றுவிடுவது

அதில் ஆய்வு முறையை வைத்து வடிகட்ட வழியில்லை. சைக்இன்ஃபோ என்ற உளவியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் அதற்கென்றே மெத்தடாலஜி வடிகட்டி இருக்கிறது, உங்கள் கல்லூரி நூலகத்தில் சந்தா உண்டா என்று கேளுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இலவசம்; ஆனால் அங்கே 'குவாலிட்டேட்டிவ் ரிசர்ச்' என்ற மெஷ் சொல் (கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் குறிச்சொல்) 2003-இல்தான் வந்தது, பழைய கட்டுரைகளுக்கு வேறு சொற்களும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரிவியூ கட்டுரையை அசல் ஆய்வாக எண்ணுவது

கூடாது. ரிவியூ என்பது பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது. அதன் கடைசியில் உள்ள பட்டியலைப் பிடித்து அசலுக்குப் போங்கள்.

பி.டி.எஃப்.புக்குப் பணம் கட்டுவது

முதலில் எழுதியவருக்கு மெயில் போடுங்கள்.