ஸ்னோபோர்டு பைண்டிங் வாங்குறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

நிறைய பேர் போர்டுக்கு அவ்ளோ ரிவியூ படிச்சிட்டு பூட்ஸ போர்டோட சேத்துப் பிடிக்கிற பைண்டிங்க மட்டும் கலர் பாத்து எடுத்துடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, கால்ல குடுக்குற அழுத்தம் போர்டுக்கு போய் சேர்றதே அது வழியாதான்.

முதல்ல ஃப்ளெக்ஸ் நம்பர், அதாவது பைண்டிங் எவ்ளோ விறைப்புன்னு சொல்றது, பெரும்பாலும் 1லேர்ந்து 10 வரைக்கும் போட்டிருப்பாங்க, கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும். டெரெய்ன் பார்க்ல (வித்தை பண்றதுக்குன்னே ரெயில், ஜம்ப்லாம் வெச்சிருக்குற இடம்) ஓட்டுறவங்களுக்கு 3, 4 போதும், கணுக்கால் நல்லா அசையும், லேண்டிங் லேசா பிசகினாலும் சமாளிச்சிடலாம். கனடாவுல இருக்குற விஸ்லர் மாதிரி பெரிய மலைல செங்குத்தா, வேகமா இறங்குறவங்களுக்கு 7, 8னு விறைப்பா இருக்கணும், காலுக்குப் பின்னாடி நிக்கிற ஹைபேக்கும் கெட்டியா இருந்தாதான் ஹீல் எட்ஜ்ல, அதாவது குதிகால் பக்க ஓரத்துல, திரும்பும்போது போர்டு சொன்ன பேச்சு கேக்கும். ரெண்டும் கலந்து ஓட்டுறவங்க 5, 6 எடுங்க, புதுசா கத்துக்குறவங்க அதவிட கொஞ்சம் விறைப்பு கம்மியானதே எடுங்க.

பூட்ஸ்தான் ரொம்ப முக்கியம், கடைக்கு கையோட எடுத்துட்டு போய் மாட்டிப் பாருங்க, குதிகால் தூக்குதான்னு பாருங்க, மெத்துன்னு இருக்குற பூட்ஸ விறைப்பான பைண்டிங்ல போட்டா ஸ்ட்ராப் காலை அழுத்தி வலிக்கும். பர்டன் கம்பெனியோட ஸ்டெப் ஆன் (ஸ்ட்ராப் இல்லாம பூட்ஸ மிதிச்சு மாட்டுற பைண்டிங்) வாங்கினா அதுக்குன்னே வர்ற பூட்ஸும் வாங்கணும், பட்ஜெட்ல அதையும் சேத்துக்கோங்க.

அப்புறம் பைண்டிங்க மாட்ட போர்டுல இருக்குறது சேனலா (நீளமான பள்ளம்), 4x4 ஓட்டையா (வரிசையா இருக்குற ஸ்க்ரூ ஓட்டைகள்)ன்னு பாத்துட்டு அதுக்கு ஒத்துவர்ற டிஸ்க் (பைண்டிங்க போர்டுல ஸ்க்ரூ போட்டு இறுக்குற வட்டத் தட்டு) இருக்கான்னு பில் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.