கொழும்புக்கு முதல் வேலைக்கு இறங்கும் மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு ஊர் தலவாக்கலைப் பக்கம். கொழும்பில் ஒரு நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் ஹட்டன், பொகவந்தலாவை, பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளின் சீவி (சுயவிபரக் கோவை) அடிக்கடி என் வாட்ஸப்பில் வந்து விழும். "அண்ணா, கொஞ்சம் பார்த்துத் தாங்க" என்பார்கள். பார்த்தால், எங்கள் செட் இறங்கிய காலத்தில் செய்த அதே பிழைகள். கையிலிருக்கும் ஃபோன் மட்டும்தான் மாறியிருக்கிறது.

நேரத்துக்குப் போங்கள், சப்பாத்தைத் துடையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஒரே ஆளுக்கு மூன்று பேர்

பிறப்புச் சான்றிதழில் பேர் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், ஓ.எல். சான்றிதழில் இன்னொரு விதம். நம் பக்கத்தில் இது சாதாரணம். பதிகிறவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அப்பாவின் பேரில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். ஊரில் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். கொழும்பில் சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு திறக்கப் போகும்போதுதான் கவுண்டரில் இருப்பவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

பேர் மாறியிருப்பதால் சேமலாபப் பணம் எடுக்க முடியாமல் வருடக்கணக்கில் அலைந்த தாத்தா பாட்டிகள் நம் தோட்டத்து லய வரிசை வீடுகளில் நிறையப் பேர். அதைப் பார்த்து வளர்ந்த நாமும் திருத்தாமலே பஸ் ஏறுகிறோம். வீட்டில் இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய் இதை முடித்துவிடுங்கள். புது வேலையில் இருந்துகொண்டு இதற்கு லீவு கேட்பது பெரிய பாடு.

வேலைக்கு முந்திப் போர்டிங்

மாமா மகன் வெள்ளவத்தையில் இருக்கிறான் என்று அங்கேயே அறை பிடிப்பார்கள். வேலை கிடைப்பது பியகமவிலோ கட்டுநாயக்கவிலோ. பிறகு விடிய முன்னே எழும்பி இரண்டு பஸ் மாறிப் போய், இரவு வந்து சோற்றைச் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் விழுவார்கள். முதல் மாதம் சொந்தக்காரர் வீட்டிலோ கூட்டாளி அறையிலோ ஒண்டிக்கொள்ளுங்கள். வேலை நிலைத்த பிறகு, அதன் பஸ் பாதையில் அறை பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு துண்டுக் கடதாசியிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

பேர் பதியாத வேலை

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

தோட்டத்தில் நம் அம்மாமார்களுக்குக் கணக்குத் தெரியும். செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேட்டில்) பேர் விழுந்ததா, கிலோ குறைந்து அரைப்பேர் (அரை நாள் கணக்கு) ஆனதா, ஞாயிற்றுக்கிழமை எடுத்த கொழுந்து கைக்காசா என்று ஒவ்வொரு நாளையும் விரல் மடித்துச் சொல்வார்கள். பேர் விழுந்தால்தான் சேமலாபம், சேவைக்காலப் பணம் எல்லாம். கைக்காசு அன்றோடு தீர்ந்தது. அந்த அம்மாவின் பிள்ளை, ஏ.எல். முடித்து, கொம்பியூட்டர் கோர்ஸும் செய்து, கொழும்பில் வருடக்கணக்காகக் கைக்காசுக்கு வேலை செய்கிறது. நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் இல்லை. கேட்டால், "முதலாளி நல்லவர் அண்ணா, பிறகு பார்ப்போம் என்றார்."

பொகவந்தலாவைத் தம்பி ஒருவன். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்த்தான். கெட்டிக்காரன். ஸ்டொக், வங்கி, இன்வொய்ஸ் எல்லாம் அவன் கையில்தான். மூன்று வருடத்துக்கும் மேல். நல்ல நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள், நான்தான் போகச் சொன்னேன். நேர்முகத் தேர்வு நன்றாகவே செய்தான். சேவைக் கடிதம் கொண்டு வாருங்கள், ஈ.பி.எஃப். இலக்கத்தைத் தாருங்கள் என்றார்கள். இவன் முதலாளியிடம் போனான். அவர் கதிரை போட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அன்பாகவே சொன்னாராம்: "உனக்கு நான் எழுதித் தந்தால், இத்தனை வருடம் உனக்குப் பணம் கட்டவில்லை என்று நானே எழுதித் தருவதாக ஆகிவிடும், மகன்."

அவர் சொன்னது சரிதான். அதுதான் கோபம் வருகிறது. அனுபவம் இல்லாதவருக்கான சம்பளத்தில், பயிலுநராக, தன்னைவிட வயது குறைந்தவர்களோடு அவன் திரும்ப ஆரம்பித்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும். ஈ.டி.எஃப். என்கிற நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 சதவீதம், அதுவும் முழுக்க முதலாளியின் பணம். சம்பளம் 60,000 ரூபா என்றால் உங்களிடமிருந்து போவது 4,800. முதலாளி போட வேண்டியது 7,200 உம் 1,800 உம், ஆக 9,000. "ஈ.பி.எஃப். வேண்டாம், கையில் கூடக் கிடைக்கும்" என்று தலையாட்டுகிற பிள்ளை, அந்த 4,800ஐப் பிடித்துக்கொண்டு மாதம் 9,000ஐ விடுகிறது. இரண்டு வருடத்தில் 216,000 ரூபா. கிராமத்துப் பிள்ளை, நகரத்துப் பிள்ளை என்று சட்டம் பார்ப்பதில்லை. கேட்கத் தெரியாத பிள்ளையைத்தான் முதலாளிமார் பார்க்கிறார்கள்.

என்னென்ன சொல்வார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். "புரொபேஷன் முடியட்டும்" என்பார்கள். பொய். சேர்ந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். "20 சதவீதத்தையும் உன் சம்பளத்தில்தான் பிடிப்போம்" என்பார்கள். அவர்களுடைய 12ஐ உங்கள் தலையில் கட்ட முடியாது. அடிப்படைச் சம்பளத்தை இத்தனூண்டு காட்டி மிச்சத்தையெல்லாம் அலவன்ஸ் என்பார்கள். வாழ்க்கைச் செலவுப் படியும் கமிஷனும்கூட ஈ.பி.எஃப். கணக்கில் சேரும், ஓ.டி.தான் சேராது. 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதையும் மனதில் வையுங்கள்.

கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954 இலிருந்தே 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதவி என்ன, சம்பளம் எவ்வளவு என்று வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே நியமனக் கடிதம் கேட்பது வாய்க்கொழுப்பு இல்லை. எப்படிக் கேட்பது என்றுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். முறைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். "சேர், வங்கியில் கணக்கு திறக்க நியமனக் கடிதம் கேட்கிறார்கள்" என்று முதல் கிழமையிலேயே சொல்லுங்கள். அது உண்மையும்தான். முதல் சம்பளம் வந்ததும் "என் ஈ.பி.எஃப். இலக்கம் எத்தனை, சேர்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இரண்டு மாதம் சாக்குச் சொன்னால், அங்கே வேலை செய்துகொண்டே வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: கடிதம் இல்லாவிட்டாலும் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு அடையாளம் இருக்கும். சம்பளம் வங்கியில் விழுந்திருந்தால் அந்த அறிக்கை, வேலை சொல்லி வந்த வாட்ஸப் செய்திகள், நீங்கள் கையெழுத்துப் போட்ட பில்கள், வரவுப் பதிவின் படம். இப்போதே சேர்த்து வையுங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நாரஹேன்பிட்டியில் தலைமையகம், அந்தந்தப் பகுதியிலும் அலுவலகம் உண்டு. கட்டாத பணத்தோடு, தாமதத்துக்கு ஏற்ப 50 சதவீதம் வரை மேலதிகமாகவும் முதலாளியிடம் அறவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தத் தம்பியையும் போகச் சொன்னேன். "உப்பைத் தின்றுவிட்டேன் அண்ணா" என்று மறுத்துவிட்டான். அவன் தின்றது அவன் உழைத்த உப்பு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இந்த நன்றிக்கடன் பேச்சை எங்கே கற்றுக்கொண்டோமோ தெரியவில்லை.

வேலை தரக் காசு கேட்டால்

அது வேலை இல்லை. எழும்பி வாருங்கள்.

அசல் சான்றிதழ்

காட்டலாம். விட்டுவிட்டு வரக்கூடாது.

வாசிக்கத் தெரியாத சிங்களம்

நம் பிள்ளைகள் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள். கடையிலும் பஸ்ஸிலும் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அலுவலகத்தில் ஒரு சிங்களக் கடிதத்தைக் கையில் கொடுத்தால் பக்கத்து மேசைக்குக் கொண்டு போவார்கள். எழுத்தைப் படிக்கச் சில மாதம் போதும், பேச்சுத்தான் ஏற்கெனவே இருக்கிறதே. இரண்டு மொழியிலும் எழுதக்கூடிய ஆளை எந்த அலுவலகமும் சும்மா விடாது. ஆங்கில வகுப்புக்குக் கட்டுகிற காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

தோட்டத்து முகவரி

அரச வேலைக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்த்து விண்ணப்பம் போடுகிறவர்கள் கொழும்புக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள், போட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் டிவிஷன் பேரையும் லய இலக்கத்தையும் மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தோட்ட ஒஃபிஸுக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்து கொடுக்கும்போது பரீட்சைத் திகதி போயிருக்கும். டவுனில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர், போஸ்ட்மேன் தினமும் போகிற சொந்தக்காரர் வீடு, ஏதாவது ஒன்றைக் கேட்டு அந்த முகவரியை எழுதுங்கள். ஃபோன் இலக்கம் கேட்கிற இடத்தில், அடிக்கடி மாற்றுகிற சிம்மின் இலக்கத்தை எழுதாதீர்கள்.