பல்லிக்கும் புறாவுக்கும் என்ன உறவு? பரிணாம மரம் வரையும் முறை

எந்த உயிருக்கு எது நெருங்கிய சொந்தம் என்று உயிரியலாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

மதுரையில் கண்ணில் படுபவையே போதும். கோபுரத்துப் புறா, வீட்டுச் சுவர்ப் பல்லி, அழகர்கோயில் குரங்கு, பழம் தின்ன வரும் வௌவால். இவற்றுக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்றும் கட்டாயம் வேண்டும். கண்மாய் ஜிலேபி மீனை வைத்துக்கொள்வோம். எது பழைய பண்பு, எது பின்னால் வந்தது என்று காட்டிக்கொடுக்கப்போவது அந்த மீன்தான்.

படி 2: அட்டவணை போடுங்கள்

முடி, பால் கொடுத்தல், பறத்தல், முட்டை, வெள்ளை எச்சம். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

கடைசிப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. பல்லி எச்சத்தை உற்றுப் பாருங்கள், கறுப்பின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். புறா எச்சத்திலும் அதே வெள்ளை. அது யூரிக் அமிலம், உடலின் நைட்ரஜன் கழிவு. குரங்கும் வௌவாலும் அதே நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரியாவாக்கிச் சிறுநீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. மீனுக்கு அது அம்மோனியாவாகச் செவுள் வழியே போய்விடுகிறது.

படி 3: பழையதை அடித்துவிடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பல்லி முட்டையிடுகிறது, புறாவும் இடுகிறது, அதனால் இரண்டும் சொந்தம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் மீனும் முட்டைதானே இடுகிறது? அப்படியானால் அது ஐந்துக்கும் பொதுவான முன்னோரிடமே இருந்த பண்பு. அதை வைத்து யாரையும் தனியாகச் சேர்க்க முடியாது. பின்னால் புதிதாகத் தோன்றி, சிலரிடம் மட்டும் இருக்கும் பண்புதான் உறவுக்குச் சாட்சி.

படி 4: வரையுங்கள்

முடியும் பாலும் குரங்கையும் வௌவாலையும் ஒரு கிளையில் சேர்க்கின்றன. வெள்ளை எச்சம் பல்லியையும் புறாவையும் சேர்க்கிறது. மீன் அடியில் தனிக்கிளை.

படி 5: முரண்பட்டால் எண்ணுங்கள்

சரி, பறத்தல்? அது வௌவாலையும் புறாவையும் அல்லவா சேர்க்கிறது! மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். நம் மரத்தில் முடி 1, பால் 1, வெள்ளை எச்சம் 1, பறத்தல் இரண்டு தடவை தோன்றியதால் 2. மொத்தம் 5. வௌவாலையும் புறாவையும் ஒரே கிளையில் வைத்தால் பறத்தல் 1 ஆகிவிடும். ஆனால் மற்ற மூன்றும் தலா 2 ஆகி, மொத்தம் 7 வரும். குறைந்த மாற்றம் கேட்கும் மரத்தையே எடுத்துக்கொள்கிறோம். சிறகுகளும் அதையே சொல்கின்றன: வௌவாலுக்கு நீண்ட விரல்களுக்கிடையே தோல், புறாவுக்குக் கையில் இறகு.

படி 6: டிஎன்ஏவிடம் கேளுங்கள்

2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் லகர் வல்லூறு உண்டு. வளைந்த அலகு, கூர் நகம், வேட்டை என்று எல்லாமே பருந்தைப் போலத்தான். பார்த்தால் பங்காளி என்றே நினைப்போம். ஆனால் 2008இல் 169 பறவையினங்களின் 19 மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டபோது, வல்லூறு பருந்தைவிடக் கிளிக்கே நெருக்கம் என்று தெரிந்தது. 2014இல் 48 பறவைகளின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோதும் அதே விடைதான். வேட்டைத் தொழில் இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கியிருக்கிறது.

நம் ஐந்து பேருக்கும் இதைச் செய்யலாம். மரபணு வரிசைகளின் பொதுச் சேமிப்பகமான ஜென்பேங்க் தளத்தில் ஒவ்வொன்றின் சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். மெகா என்ற இலவச மென்பொருளில் அவற்றை ஏற்றி, முதலில் எழுத்துகளை நேர்வரிசைப்படுத்துங்கள். அதற்கப்புறம்தான் மரம். கிளைகளில் எண்கள் வர, ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதி என்று சோதிக்கும் பூட்ஸ்ட்ராப்பை 1000 தடவை என்று வையுங்கள். ஒரு கிளையில் 98 என்றிருந்தால், தரவிலிருந்து திரும்பத் திரும்பக் குலுக்கலில் மாதிரி எடுத்து மரம் போட்டும் 100க்கு 98 தடவை அந்தக் கிளை வந்திருக்கிறது என்று அர்த்தம். 50, 60 என்று வந்தால் அந்தக் கிளையை நம்ப வேண்டாம். இன்னொரு மரபணுவையும் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள்.