பழைய கடைசல் இதழ்களைப் பட்டறைக்குப் பயன்படுத்துவது எப்படி

மரத்தை லேத்தில் சுழற்றி உளியால் செதுக்கும் மரக்கடைசலுக்கென்று அமெரிக்காவில் வரும் முக்கியமான இதழ் 'அமெரிக்கன் வுட்டர்னர்'. அங்குள்ள மரக்கடைசல்காரர் சங்கம் 1986இல் தொடங்கியது, இதழும் அதே ஆண்டு முதல் வருகிறது. முதலில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று. சங்கத்தில் உறுப்பினரானால் பழைய இதழ்களை பிடிஎஃப் வடிவில் படிக்கலாம். பெரும்பாலோர் புதிய இதழைத் திறந்து, வண்ணப்படம் பார்த்து, மூடிவிடுகிறார்கள். சின்ன லேத்தும் நாலு உளியும் மட்டும் இருக்கிற பட்டறைக்காரர் 1986 முதல் 1995 வரையிலான இதழ்களில்தான் தொடங்க வேண்டும்.

காரணம், பிடிமானம், அதாவது மரத்தை லேத்தில் பிடித்து நிறுத்தும் முறை. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை ஸ்க்ரோல் சக் அந்தக் காலத்தில் எல்லாப் பட்டறையிலும் இல்லை. ஃபேஸ்பிளேட் (லேத்தில் திருகி மாட்டும் வட்டத் தகடு), கழிவுக்கட்டை (தகட்டுக்கும் வேலைமரத்துக்கும் நடுவில் வைக்கும் உபரிக்கட்டை), பசை, காகிதம் இவற்றை வைத்தே கிண்ணமும் டப்பாவும் கடைந்தார்கள், எழுதியதும் அதைத்தான். இன்றைய கட்டுரைகள் பல "சக்கில் மாட்டுங்கள்" என்ற ஒரே வரியில் இதைத் தாண்டிவிடுகின்றன.

முதல் வேலை, கோப்புப் பெயர். ஆண்டும் இதழ் எண்ணும் முன்னால் வரட்டும்: 1992-04 என்பதுபோல. அப்போதுதான் வரிசை குலையாது. அட்டையில் தொகுதி எண் மட்டும் கண்ணில் பட்டால் அதோடு 1985ஐக் கூட்டிப் பாருங்கள், தொகுதி 30 என்றால் 2015. எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அடோபி ரீடரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபோல்டர் முழுவதையும் ஒரே தடவையில் தேடலாம்.

தேடியும் எதுவும் வரவில்லை என்றால் கட்டுரையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். 'ஃபேஸ்பிளேட்' சில இதழ்களில் ஒரே சொல், சிலவற்றில் இரண்டு சொல், சிலவற்றில் நடுவில் கோடு. பத்தி குறுகலாக இருந்தால் சொல் வரிக்கடைசியில் உடைந்திருக்கும், ஆகவே முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். ஒரே சாதனத்துக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதும் உண்டு. வேலைத்துண்டை இறுக்கமாகச் செருகிப் பிடிக்கும் 'ஜாம் சக்' இன்னொருவர் எழுதும்போது 'ஃப்ரிக்‌ஷன் சக்', கழிவுக்கட்டையான 'க்ளூ பிளாக்' வேறிடத்தில் 'வேஸ்ட் பிளாக்'.

அளவுகளில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் பின்னங்களைக் கண்டால் தடுமாறும். 3/8 என்பது 318 ஆகிவிடும். அங்குலக் குறியை இரண்டு ஒன்றாக வாசித்து, 3 அங்குலத்தை 311 ஆக்கும். இவை பார்த்தாலே தெரிகிற பிழைகள். தெரியாத பிழைதான் ஆபத்து: ஒன்றேகால் அங்குலம் 11/4 என்று வந்து நிற்கும், அதைப் பதினொன்றின் கீழ் நான்கு என்று எடுத்தால் இரண்டே முக்கால். 32 மி.மீ. துளை போடவேண்டிய இடத்தில் 70 மி.மீ. போட்டுவிடுவீர்கள். எந்த அளவையும் நகலெடுத்து ஒட்டாமல், பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை அச்செடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கத் தாள் 216 × 279 மி.மீ., நம்முடைய ஏ4 210 × 297. 'ஃபிட்' கொடுத்தால் படம் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கும், 100 மி.மீ. டெம்ப்ளேட் 97 ஆகிவிடும். மூடி டப்பாவுக்கு அந்த 3 மி.மீ. பெரிய வித்தியாசம். சிறிதாக்கி வரைந்த படமென்றால் கொடுத்திருக்கும் ஓர் அளவை வைத்துக் கணக்குப் போடலாம்: விட்டம் 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. என்று போட்டிருக்கிறது, தாளில் அளந்தால் 38. பெருக்கும் எண் 4. தாளில் சுவர் ஒன்றரை மி.மீ. என்றால் நிஜத்தில் 6. இதழின் நடுமடிப்புப் பக்கம் ஸ்கேனில் வளைந்திருக்கும், அந்த ஓரத்தில் அளக்கவே வேண்டாம்.

இனி அட்டவணை. ஒரு எக்செல் தாளில் ஆண்டு, இதழ், பக்கம், பொருள், பிடிமான முறை என்று ஐந்து பத்தி போதும். அச்சிட்ட பக்க எண்ணும் பிடிஎஃப் பக்க எண்ணும் அட்டை காரணமாக ஒன்றிரண்டு தள்ளி இருக்கும், எதைக் குறிக்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டுரைகளோடு நிறுத்தாமல் வாசகர் துணுக்குகளையும் ஏற்றுங்கள், ஜிக் (வேலைக்குத் துணையாக நாமே செய்துகொள்ளும் சாதனம்) செய்யும் யோசனைகள் அங்கேதான் கொட்டிக்கிடக்கின்றன. விளம்பரங்களும் உதவும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அமெரிக்க லேத்தின் ஸ்பிண்டில் (சக் ஏறும் சுழல்தண்டு) மரை என்னவென்று தெரியாதபோது, அந்த மாடலின் பழைய விளம்பரத்தில் சில சமயம் விடை இருக்கும். ஒன்றேகால் அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை என்றால் விட்டம் 31.75 மி.மீ., மரை இடைவெளி 3.175. ஐரோப்பிய எம்33 (33 மி.மீ. விட்டம்), 3.5 இடைவெளி சக் இதில் ஏறவே ஏறாது.

பழைய இதழ்களில் திரும்பத் திரும்ப வரும் காகித ஒட்டு ஒன்றைப் பார்ப்போம். கழிவுக்கட்டை, வேலைக்கட்டை இரண்டின் முகத்தையும் சமதளமாக இழைத்து, மர ஓட்டம் ஒரே திசையில் வருமாறு வையுங்கள். இரண்டு முகத்திலும் வெள்ளைப் பசை பூசி, நடுவில் ஒரே ஒரு தாள் செய்தித்தாள் வைத்து, கிளாம்பில் இறுக்கி ஓர் இரவு விடுங்கள். கடையும்போது முடிந்தவரை டெயில்ஸ்டாக் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) முட்டுக்கொடுத்தே இருக்கட்டும். முடிந்ததும் தட்டை உளியின் சாய்வுப்பக்கம் கழிவுக்கட்டையைப் பார்க்க, காகிதக் கோட்டில் மர ஓட்டத்தோடு வைத்து மெல்லத் தட்டினால் தாள் இரண்டாகப் பிளந்து பிரியும். வழவழப்பான பத்திரிகைத் தாள் பசையை உறிஞ்சாது, காயாத பச்சை மரத்தில் ஒட்டு நிற்காது. பாதியில் கழன்று பறப்பது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான். சிறிய, ஆழமில்லாத சாமான்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இதழில் எல்லாமே இன்றைக்குப் பொருந்தாது. "சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, அடிக்கடி தண்ணீரில் முக்கு" என்ற அறிவுரை கார்பன் எஃகு உளிக்கு. உங்கள் உளி ஹைஸ்பீடு ஸ்டீல் என்றால் சாணைச்சூட்டில் நீலம் வந்தாலும் பதம் இறங்காது. கொதிசூட்டில் தண்ணீரில் முக்கினால்தான் விளிம்பில் மயிரிழை வெடிப்பு வரலாம். ஆகவே எந்த எஃகைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். முகமூடி இல்லாமல் மணல்தாள் போடும் படங்களையும் பின்பற்ற வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது.

வேகத்துக்கு அமெரிக்கக் கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: அங்குல விட்டத்தை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வரவேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. சமநிலை இல்லாத கட்டையை இதற்கும் கீழே தொடங்குங்கள்.

மரத்தின் பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். மேப்பிள் கேட்கும் இடத்தில் வெளிறிய, நெருங்கிய இழையுள்ள வெப்பாலை போடலாம். கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளுக்கு அதுதான் மரம். வால்நட்டுக்கு நம்மூர் வாகை, வணிகத்தில் அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே பெயர். உலர்த்தும் காலத்தை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். பச்சை மரத்தில் விட்டத்தில் பத்திலொரு பங்கு சுவர் விட்டுக் கடைந்து (25 செ.மீ.க்கு இரண்டரை), வெளிப்புறம் முழுக்க மெழுகு பூசி, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது.

கடைசியாக ஒரு பழக்கம்: ஒரு கட்டுரையைப் பார்த்து மரத்தை மாட்டும் முன், அதற்கடுத்த இரண்டு இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அளவு தப்பாக அச்சானாலோ, முறையில் ஆபத்து இருந்தாலோ, யாராவது அங்கே எழுதியிருக்க வாய்ப்புண்டு.