எலியின் மூட்டுத் தேய்வை நுண்ணோக்கியில் கணிக்கும் முறை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிக் கல்லூரிகளில் இந்த ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே எலியைத் தொட வேண்டும்.

மூட்டுத் தேய்வை உண்டாக்க, முழங்காலில் மெத்தைபோல் இருக்கும் உட்புற மெனிஸ்கஸைப் பிணைக்கும் தசைநாரை அறுத்தால், சுண்டெலியின் குருத்தெலும்பு வாரக்கணக்கில் மெல்லத் தேயும். மூட்டுக்குள் போடும் மோனோஅயோடோஅசிட்டேட் என்ற வேதிப்பொருளின் ஊசியோ குருத்தெலும்புச் செல்களையே விரைவில் கொன்றுவிடுவதால், வலி மருந்துகளைச் சோதிக்க உதவும். நோயின் இயல்பான போக்கை அறிய அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூட்டை ஃபார்மலினில் நிலைப்படுத்தியதும், சுண்ணச்சத்தை நீக்குவதற்கு முன்பே எலும்பை நுணுக்கமாகக் காட்டும் எக்ஸ்ரே வகையான மைக்ரோ சி.டி. படம் எடுத்துவிடுங்கள். சுண்ணச்சத்தை நீக்க, அதைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருளான ஈ.டி.டி.ஏ. கரைசல் வாரங்கள் எடுத்தாலும், வலுவான அமிலத்தைவிட அதுவே திசுவைக் காக்கும். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், வெட்டிய மெல்லிய திசுச் சீவல்களைக் கண்ணாடியில் காற்றாட விடாமல் சூடேற்றியில் உலர்த்துவது நல்லது.

சஃப்ரானின்-ஓ சாயத்தில் நலமான குருத்தெலும்பு செக்கச்செவேலெனத் தெரியும். குருத்தெலும்பில் நீரைத் தக்கவைக்கும் புரதப் பொருளான புரோட்டியோகிளைக்கான் குறையக் குறையச் சிவப்பு வெளிறும். பின்னர் மேற்பரப்பு நார்நாராகப் பிரிந்து, செங்குத்தான வெடிப்புகள் ஆழமாக இறங்கி, முற்றிய நிலையில் அடியெலும்பே வெளிப்படும். அடியெலும்புத் தகடு தடித்திருக்கிறதா, விளிம்பில் எலும்பு முளைகள் உள்ளனவா என்பதையும் தனியே குறியுங்கள். 0 (நலமான நிலை) முதல் 6 (முற்றிய தேய்வு) வரையிலான மதிப்பெண்ணை, எந்தக் குழுவின் எலி என்றறியாத இருவர் தனித்தனியே இட வேண்டும்.